அறுபத்து நான்கு பக்க அறிக்கையும் ஒரு பொட்டாசியம் அளவும்: வீட்டு மரபணுப் பரிசோதனைப் பெட்டி குறித்து

சென்ற ஆண்டு பொங்கல் தள்ளுபடியில், உமிழ்நீரைக் கொண்டு மரபணுவைப் படித்துச் சொல்லும் வீட்டுப் பரிசோதனைப் பெட்டிகள் மூன்றை இணையத்தில் வாங்கினேன்: ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்கு, மூன்றாவது அக்கா மகளுக்கு. தனியாக வாங்கினால் ஒரு பெட்டி 6,999 ரூபாய்; மூன்றும் சேர்ந்த குடும்பத் தொகுப்பு 16,500 ரூபாய்க்குக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அறிக்கையில் வரும் ஒரே ஒரு பகுதிக்காகத்தான் அதை வாங்கினோம். ‘உப்பு, நீர்ச் சமநிலை’ என்பது அதன் தலைப்பு. தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அடுத்த தெருவில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பக்கவாதத்தில் போனவர். உடன்பிறந்த நால்வரில் அக்காவைத் தவிர மூவரும் ஐம்பது வயதுக்கு முன்பே இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்துவிட்டோம். உப்பு உங்கள் உடலை என்ன செய்யும் என்பதை உங்கள் மரபணுவே சொல்லும் என்ற விளம்பர வரி, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியே எழுதியது போலிருந்தது.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்கோடு ஒட்டிய குழாய், அதன் வாயில் திருகிய புனல், மூடியில் அடைத்திருக்கும் நீல நிறப் பாதுகாப்புத் திரவம், திருப்பி அனுப்ப முன்பணம் கட்டிய கூரியர் உறை எல்லாம் ஒழுங்காக இருந்தன. காலையில் காபி குடிப்பதற்கு முன், பல் துலக்குவதற்கும் முன், குழாயில் உள்ள கோடு வரை உமிழ வேண்டும். நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலைக்கு எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அக்கா கண்ணை மூடிப் புளியங்காயை நினைத்து நினைத்து ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். செய்முறைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் இவ்வளவு விளம்பரம் செய்யும் நிறுவனம் தமிழில் ஒரு தாள் அச்சிட்டிருக்கலாம். நான்கு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஏழாவது வாரம் வந்தது.

அறுபத்து நான்கு பக்கம். வழுக்கை, காபி, தூக்கம், தசை வலிமை என ஒவ்வொன்றுக்கும் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும் முள் வைத்த ஓர் அரைவட்டப் படம். உப்புக்கான பக்கத்தில் எங்கள் மூவரின் முள்ளும் சிவப்பில் நின்றன: ‘உப்பு உணர்திறன் அதிகம், தினசரி உப்பை 3 கிராமுக்குள் கட்டுப்படுத்தவும்.’ உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் பொதுவாகச் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழ் என்பதுதான். அதையும் தாண்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்ன அறிவுரை, மரபணுவைப் பார்த்துச் சொன்னதாயிற்றே என்று எங்களுக்கு வேதவாக்காகத் தெரிந்தது. அதற்கு அடுத்த ‘நீர்த் தேவை’ பக்கம் மூவருக்கும் எழுத்து மாறாமல் ஒரே வாசகத்தைத் தந்திருந்தது: நிறைய நீர் அருந்தவும். இதைச் சொல்ல எச்சில் எதற்கு?

அந்தச் சிவப்பு முள் எதன் மேல் நிற்கிறது என்பதைப் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் கொடுத்திருந்தார்கள். இரண்டே மரபணுக்கள்: இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜனுக்கான ஏஜிடி, அந்த ஆஞ்சியோடென்சினைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதிக்கான ஏசிஈ. இரண்டும் ஆய்வுலகில் பழம்பெயர்கள். ஏஜிடியில் ஒரு குறிப்பிட்ட திரிபுக்கும் (ஆளுக்கு ஆள் வேறுபடும் வடிவத்துக்கும்) உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பிருப்பதாக அமெரிக்காவின் யூட்டா, பிரான்சின் பாரிஸ் ஆகிய இடங்களின் குடும்பங்களை ஆராய்ந்து 1992-இல் சொன்னார்கள். ஆனால் அந்தத் திரிபு ஐரோப்பியரிடம் பாதிக்குக் குறைவாக இருந்தாலும், ஆப்பிரிக்கர், ஜப்பானியர் போன்ற மக்களிடம் பெரும்பான்மையாகவே இருக்கிறது. ஊரில் பெரும்பாலானவர்களிடம் இருப்பதை ஒருவரின் தனிப்பட்ட அபாயமாகச் சிவப்பில் காட்டுவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஏசிஈயில் பேசப்படும் வேறுபாடு டிஎன்ஏவின் அலகான ஒற்றை எழுத்தின் மாற்றமன்று; ஏறத்தாழ 287 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறதா இல்லையா என்பது. இந்தப் பெட்டிகள் பயன்படுத்தும், குறித்த சில எழுத்துகளை மட்டும் படிக்கும் சிப் அதை நேரடியாகப் படிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறோர் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அந்தத் துண்டு இல்லாதவர்களின் இரத்தத்தில் நொதியின் அளவு கூடுதலாக இருப்பது உண்மை. அதனால் இரத்த அழுத்தமும் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போனதே இல்லை.

உப்பைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே வருகிறது என்பது விளம்பரக்காரர்களின் கற்பனை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் 1960-களில் எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனியைக் கொடுத்து, அழுத்தம் ஏறியவற்றைத் தமக்குள்ளும் ஏறாதவற்றைத் தமக்குள்ளும் இணை சேர்த்து, சில தலைமுறைகளிலேயே இரு வேறு கால்வழிகளை உருவாக்கினார். பிறகு ஒரு வகையின் சிறுநீரகத்தை மற்ற வகைக்கு மாற்றிப் பொருத்தியபோது, அழுத்தமும் பெரிய அளவில் சிறுநீரகத்தோடு கூடவே போயிற்று. ஆகவே கேள்வி சரியானது. எலிகளைப் போல வடித்தெடுக்கப்படாத மனிதரிடம் அதற்கான விடை இரண்டு எழுத்துகளில் இல்லை என்பதுதான் சிக்கல். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்து 2018-இல் வெளிவந்த பேராய்வு, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுதியில் 900-க்கும் மேல் இருப்பதாகக் காட்டியது. அத்தனையையும் கூட்டினாலும், ஆளுக்கு ஆள் அழுத்தம் வேறுபடுவதில் சுமார் ஆறு சதவீதத்தைத்தான் அவற்றால் விளக்க முடிந்தது.

கட்டணத்துக்குள் அடங்கிய தொலைபேசி ஆலோசனையில் இதையே கேட்டேன். பேசிய பெண் மரபணு ஆலோசனையில் முறையாகப் படித்தவர். பொறுமையாகப் பேசினார், மழுப்பவில்லை. “இந்த ரெண்டு திரிபால எனக்கு எவ்வளவு பிபி கூடும்மா?” என்றேன். சற்றுத் தயங்கி, “தனியாப் பார்த்தா ஒரு பாயிண்ட் கூட இருக்காது சார்” என்றார். இந்த நிறுவனத்திடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றில் கொடுத்த காசுக்குத் தகுந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அறிக்கையின் உப்புப் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் இந்த மதிப்புரைக்கே தேவை இருந்திருக்காது.

அக்கா மகள் யாரையும் கேட்கவில்லை. அறிக்கையை நம்பி உப்பைக் குறைத்தாள். முப்பது வயது, பள்ளி ஆசிரியை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும், மாலையில் கை கால் ஓய்ந்துபோவதும் அவளுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. நின்றுகொண்டே வேலை செய்வதால் வருகிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். அறிக்கை வந்த மூன்றாம் மாதம், கத்திரி வெயிலில், விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து திரும்பியவள் படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டிய இடத்தில் அந்த எண்ணைப் பார்த்த பணி மருத்துவர் உடனே இதயத் துடிப்புப் பதிவுக் கருவியை மாட்டச் சொன்னார்.

அங்கிருந்த சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே உப்பைப் பற்றியதுதான்: உப்பென்றால் சிறு வயது முதல் ஆசை உண்டா? அவள் என் பக்கம் திரும்பி, “மாமா, சின்னப் பிள்ளையில ஊறுகாய் ஜாடியில கல்லுப்பைப் பொறுக்கித் தின்னு அம்மாட்ட அடி வாங்குவேன்லா, ஞாபகம் இருக்கா?” என்றாள். நன்றாகவே ஞாபகம் இருந்தது. உப்பளத்துப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்து வந்த முடிவுகள் ஒன்றோடொன்று கைகோத்து நின்றன: இரத்தத்தில் மெக்னீசியம் குறைவு, காரத்தன்மை கூடுதல், சிறுநீரில் பொட்டாசியம் வீணாகப் போகிறது, கால்சியமோ மிகக் குறைவு, இரத்த அழுத்தம் 96-க்கு 60. மருத்துவர் கிடெல்மன் நோய்க்குறி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதனோடு வடிவது சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு. உப்பளத்தில் ஒரு கூடையில் அள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியும் அளவு. அதில் 99 சதவீதத்துக்கும் மேல் நுண்குழல்களின் வழியே இரத்தத்துக்குத் திரும்பியாக வேண்டும். வழி நெடுக நிற்கும் பல வாயில்களில் ஒவ்வொன்றும் ஒரு பங்கை மீட்கிறது. ஒவ்வொரு வாயிலையும் கட்டும் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. குழலின் கடைப் பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு வாயில், வடிந்த உப்பில் 5 முதல் 10 சதவீதத்தை மீட்பது. அதைக் கட்டும் மரபணு எஸ்எல்சி12ஏ3. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த அந்த மரபணுவின் இரு படிகளும் (நகல்களும்) பழுதாக இருந்தால் அந்த வாயில் வேலை செய்யாது, உப்பு ஒழுகும். ஒழுகலை ஈடுகட்ட உடல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது அடுத்த வாயிலில் சோடியத்தைப் பிடித்து நிறுத்தும் வேகத்தில் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். ஹில்லல் கிடெல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1966-இல் விவரித்த இந்த நோய்க்குறியின் மரபணுவை, ரிச்சர்ட் லிஃப்டனின் யேல் குழு 1996-இல் அடையாளம் கண்டது. மருத்துவர் அக்காவிடம் இதையே இரண்டு வரியில் சொன்னார்: “உங்க தம்பி பிபிக்குப் போடுற மாத்திரையில தயாசைட்னு ஒண்ணு இருக்கும்மா. அது எந்தக் கதவைச் சாத்துதோ, அந்தக் கதவு உங்க பொண்ணுக்குப் பிறக்கும்போதே சாத்தியிருக்கு.” என் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன்; இருந்தது.

உறுதிப்படுத்துவதற்காக இரண்டாவது மரபணுப் பரிசோதனை நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். மருத்துவரின் சீட்டு வேண்டும். எச்சில் போதாது, இரண்டு மில்லி இரத்தம் எடுத்தார்கள். குடும்ப வரைபடம் போட ஓர் ஆலோசகர் அரைமணி நேரம் அக்காவையும் அத்தானையும் உட்கார வைத்துக் கேட்டார். அத்தான் எங்கள் அத்தை மகன்தான் என்றதும், உறவுக்குள் நடந்த திருமணம் என்பதைக் குறிக்க இரண்டு கோடாக வரைந்துகொண்டார். கட்டணம் 19,000 ரூபாய், காத்திருப்பு ஐந்து வாரம், அறிக்கை மூன்றே பக்கம். படமும் இல்லை, முள்ளும் இல்லை. எஸ்எல்சி12ஏ3-இல் ஒரே பிறழ்வு இரு படிகளிலும் இருக்கிறது, நோயோடு பொருந்துகிறது, பெற்றோரைச் சோதித்து உறுதி செய்துகொள்ளவும் என்று எழுதியிருந்தது. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்வது வழக்கமாக இருக்கும் நம் பக்கத்தில், இரு படியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பாக வரும் இத்தகைய நோய்கள் இப்படித்தான் இரு பக்கத்திலிருந்தும் ஒரே எழுத்தாக வந்து சேர்கின்றன.

பெட்டிக்காரர்களின் சிப் இதை ஏன் காணவில்லை என்பதற்கு அவர்களுடைய தொழில்நுட்பப் பக்கத்திலேயே விடை இருந்தது. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஆறரை லட்சம் இடங்களைத்தான் அது படிக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் எழுத்துகள் 300 கோடி. எஸ்எல்சி12ஏ3-இல் மட்டும் இதுவரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் அறியப்பட்டுள்ளன. அரிதான அவை சிப்பில் ஏறுவதே இல்லை. பலரிடம் இருந்து சொற்ப விளைவு தரும் எழுத்துகளைப் படித்து, சிலரிடம் இருந்து பெரும் விளைவு தரும் எழுத்துகளை விட்டுவிடும் கருவி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அதில் தவறில்லை. அப்படிப்பட்ட கருவி, உப்பு ஒழுகும் சிறுநீரகத்தோடு பிறந்தவளிடம் உப்பை 3 கிராமுக்குள் வை என்று ஆணையிட்டதுதான் தவறு. அந்தக் கோடையில் அவள் விழுந்ததற்கு அதுவே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன்; வெயிலும், வேர்வையும், வேளை தவறிய சாப்பாடும் சேர்ந்திருக்கலாம். ஆனால் இன்று அவளுக்கு எழுதித் தந்திருக்கும் முதல் மருந்தே வேண்டிய அளவு உப்புச் சேர்த்துக்கொள்வது. அதற்குப் பிறகுதான் பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியமும்.

அக்காவின் முடிவும் சுவையானது. அவளிடம் பழுதான படி ஒன்றுதான், நோயில்லை. நால்வரில் அவளுக்கு மட்டும் அழுத்தம் எப்போதும் 100-க்கு 70-ஐ ஒட்டியே இருந்து வந்ததற்கு அந்தப் பழுதே துணை நின்றிருக்கக் கூடும். ஓர் ஊராரின் இதய நலத்தைப் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்துவரும் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தொடரப்பட்டவர்களிடம் இத்தகைய மூன்று உப்பு வாயில் மரபணுக்களை லிஃப்டன் குழு படித்தபோது, ஒரு படி பழுதானவர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைவிடச் சராசரியாக 6 மில்லிமீட்டர் குறைவாக இருந்ததாக 2008-இல் எழுதினார்கள். அக்காவின் அறுபத்து நான்கு பக்கத்திலோ, ‘உயர் இரத்த அழுத்த வாய்ப்பு: சராசரிக்கு மேல்’ என்று இன்னும் சிவப்பில் இருக்கிறது.

எனவே உப்புக்காக மரபணுவைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காரணம் தெரியாமல் பொட்டாசியம் மீண்டும் மீண்டும் குறைபவர்கள், இருபது வயதிலேயே கடும் இரத்த அழுத்தம் வந்தவர்கள், குழந்தைப் பருவத்திலிருந்து குடம் குடமாகக் குடித்துக் குடம் குடமாகக் கழிப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வழியாகச் செய்யும் பரிசோதனை பொன்னான செலவு. கடைசியாகச் சொன்னவர்களிடம், நீரைத் தேக்கச் சொல்லும் வாசோபிரசின் ஹார்மோனை ஏற்கும் ஏவிபிஆர்2 மரபணு பழுதாகியிருக்கலாம். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே வாட்டுகிறது. பெட்டியின் ‘நீர்த் தேவை’ பக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. இளம் வயது அழுத்தத்துக்கு லிடில் நோய்க்குறியைச் சொல்லலாம். கிராண்ட் லிடில் 1963-இல் விவரித்த அந்தக் குடும்பத்தில், குழலின் கோடியில் உள்ள சோடியம் வாயில் மூட வேண்டிய நேரத்திலும் திறந்தே கிடந்தது. முதல் நோயாளியான பெண்ணுக்குப் பல ஆண்டுகள் கழித்து மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் அழுத்தம் இறங்கிவிட்டது. மரபணு 1994-இல் பிடிபட்டது. அந்த நோய்க்கு அமிலோரைடு போன்ற மலிவான மாத்திரை கேட்கும், வழக்கமாகத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் கேட்காது. எந்த மாத்திரை என்பதையே மாற்றிவிடுவதால் அங்கே பரிசோதனைக்கு மதிப்பு இருக்கிறது.

என்னைப் போல நடுவயதில் சாதாரண அழுத்தம் வந்தவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. உப்பு உணர்திறனை ஆய்வகத்தில் அளப்பதென்றால் நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புநீரை நரம்பில் ஏற்றி, மறுநாள் உப்பில்லாச் சாப்பாடும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் கொடுத்து, இரு நாள் அழுத்தத்தையும் ஒப்பிடுவார்கள். அதைத் தன் எச்சில் குழாய் ஈடுசெய்யும் என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. நான் 1,900 ரூபாய்க்குக் கைப்பட்டை வைத்த அழுத்தமானி ஒன்றை வாங்கினேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று வாரம் அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் நிறுத்தி, காலையும் மாலையும் அளந்து குறித்துவைத்தேன். மேல் அழுத்தம் சராசரியாக ஏழு இறங்கியது. கருவாட்டுக்கு இவ்வளவு கனம் இருக்கிறதென்று எந்த மரபணுவும் எனக்குச் சொல்லவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு சொல். ‘இது மருத்துவ ஆலோசனை அன்று’ என்ற வரி அறிக்கையின் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு முன்னால் வாருங்கள். அடுத்து, பதிவு செய்யும்போது ‘ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்’ என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. மூவரின் உமிழ்நீரையும் தரவையும் அழித்துவிடும்படி, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஆவணியில் எழுதினேன். கோரிக்கை எண் ஒன்று உடனே வந்தது. இரண்டு முறை நினைவூட்டியும் அழித்துவிட்டதாகப் பதில் வரவில்லை. தீபாவளிக்கு, அதே மின்னஞ்சல் முகவரிக்கு, குடும்பத் தொகுப்புக்கு முப்பது சதவீதத் தள்ளுபடி என்று ஒரு மடல் வந்தது.